சுண்ணாம்புக் கட்டியிலா சிக்கனம்?

சிக்கனம் நல்ல குணம். அதை நமக்கு யாரும் வந்து போதிக்க வேண்டியதில்லை. மங்கின் அடியில் ஒட்டியிருக்கும் பாலையும் விரலால் வழித்து வாளியில் விடுகிறவர்கள் நாம். மரத்தில் வழிந்து காய்ந்ததை உரித்தெடுத்து, தரையில் சிந்தியதைப் பொறுக்கியெடுத்து, ஒட்டுப்பால் என்று நிறுத்துக் காசாக்குகிறவர்கள் நாம். மழை விடாது பெய்து வெட்டு நின்றுபோன மாதத்தில், அரிசியை அளந்து அளந்து போட்டுக் குடும்பத்தைக் கரை சேர்க்கும் நம் பெண்களுக்கு நிதியமைச்சில் உள்ள எந்தப் பட்டதாரியும் சிக்கனப் பாடம் நடத்த முடியாது. 1960-ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களை வாங்குவதற்குப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கொடுத்தவர்கள் நம் தாய் தந்தையர்தாம். அவர்களுக்கு அப்போது மிச்சம் பிடிக்க என்ன இருந்தது? ஆயினும் பிடித்தார்கள்.

ஆகவே, "நாட்டில் பணமுடை, எல்லோரும் சிக்கனமாயிருக்க வேண்டும்" என்று மேலிடத்திலிருந்து சொல் வரும்போது நாம் முகம் சுளிப்பதில்லை. ஆகட்டும் என்கிறோம். ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம். எதில் சிக்கனம்?

ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளி. பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் தலைமையாசிரியருக்குத்தான் தலைவலி. முன்பு பால்மரமாக இருந்த தோட்டம். இப்போது பெரும்பகுதி செம்பனை. லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் 23 பேர். ஆறு வகுப்புக்கும் சேர்த்து 23 பேர். பிள்ளைகள் முப்பதுக்கும் குறைந்தால் இரண்டு வகுப்பை ஒன்றாக்கி நடத்துவது வழக்கமாதலால், ஒரே அறையில் ஒரு பக்கம் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்கிறது. மறு பக்கம் நான்காம் வகுப்பு பின்னக் கணக்குப் போடுகிறது. அந்தப் பள்ளியின் கூரையில் நான்கு தகடுகள் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டன. மழை வந்தால் பிள்ளைகள் மேசையை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குகிறார்கள். ஆசிரியை, பாடத்தை நிறுத்தாமலே வாளியைக் கொண்டுவந்து வைக்கிறார். பால் வாளிதான். ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து வந்தது.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் முறைப்படி மனுப் போட்டது. மாதங்கள் கழித்துப் பதில் வந்தது: இவ்வாண்டு ஒதுக்கீடு இல்லை, அடுத்த ஆண்டு பரிசீலிக்கப்படும். தகப்பன்மார் வீட்டுக்கு 20 வெள்ளி போட்டு, தகடு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்களே ஏறிக் கூரையை மாற்றினார்கள். அதோடு போயிருந்தால் நாம் இதை எழுதியிருக்க மாட்டோம். நம்மவர்க்கு அது பழக்கப்பட்ட காரியம். ஆனால் கூரை மாற்றிய மறு மாதமே வேறொரு பேச்சு காதில் விழுந்தது: "இருபத்துச் சொச்சம் பிள்ளைக்கு எதற்கு ஒரு பள்ளி? வீண் செலவல்லவா? பட்டணத்துப் பள்ளியோடு சேர்த்துவிட்டால் என்ன?"

இந்தப் பேச்சைப் பேசியவர் சர்க்கார் அதிகாரியல்ல. நம்மவரே. பட்டணத்தில் வீடு வாங்கிப் போனவர். அவர் மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதைப் பார்த்தாக வேண்டும்.

மூடினால் மிச்சம் எவ்வளவு?

செக்ரோல் எழுதிப் பழகிய நம் கிராணிமார் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

இந்நாட்டின் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பகுதி 'பகுதி உதவி' பெறுபவை. அதாவது, பள்ளி நிற்கும் நிலம் சர்க்காருடையதல்ல. தோட்டத்துடையது, அல்லது பள்ளி வாரியத்துடையது. ஆசிரியர் சம்பளத்தைச் சர்க்கார் கொடுக்கும். பாடத்துக்கான மானியத்தை மாணவர் தலைக்கணக்கைப் பார்த்துக் கொடுக்கும். கட்டடம் எழுப்புவதும் பழுது பார்ப்பதும் பள்ளியின் பாடு. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் உரிமை என்று கேட்க முடியாது. இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். பிள்ளை குறைந்தால் மானியம் குறைகிறது. கூரை குறைகிறதா? இருநூறு பேருக்குக் கட்டிய கூரை, 23 பேர் இருந்தாலும் அதே நீளம், அதே அகலம். மழைக்குத் தலைக்கணக்கு தெரியாது.

இப்போது அந்தப் பள்ளியை மூடிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நிலம் தோட்டத்துக்குப் போகிறது. சர்க்காருக்கு ஒரு சென்னும் வராது. கட்டடமோ நாம் வசூல் செய்து கட்டியது. இடித்தாலும் விற்றாலும் கஜானாவுக்கு லாபமில்லை. ஆசிரியர்கள் அரசாங்க ஊழியர்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை, வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள், சம்பளம் அப்படியே நடக்கும். காலப்போக்கில் ஐந்தாறு பதவிகள் குறையலாம். மின்சாரம், தண்ணீர், காவலாள் செலவு மிஞ்சலாம். ஆக, மூடுவதால் வரும் மிச்சம் அவ்வளவுதான்.

மறுபக்கம் பாருங்கள். சர்க்கார் மிச்சம் பிடித்த அந்தப் பணம் எங்கும் மறைந்து போகவில்லை. செலவாகத் தொழிலாளியின் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பட்டணத்துப் பள்ளிக்குப் பஸ் வேண்டும். பிள்ளை ஒன்றுக்கு மாதம் 100 வெள்ளி என்று வைத்தால், இரண்டு பிள்ளை படிக்கும் வீட்டில் 200 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பஸ்காரருக்கே போய்விடும். தாயும் தகப்பனும் விடியுமுன்னே பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டியவர்கள். அந்நேரத்தில் ஏழு வயதுப் பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டி, இருட்டில் தோட்டத்துச் சாலை முனைக்குக் கொண்டுபோய்ப் பஸ் ஏற்றுவது யார்? மூத்தவள். அவளே பத்து வயதுப் பிள்ளை. இவள் தம்பியை ஏற்றிவிட்டு, சில நாளில் தானும் ஏறுவாள். சில நாளில் ஏற மாட்டாள். இரண்டு ஆண்டு கழித்து, "தோட்டத்துப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள், பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று ஒரு கருத்தரங்கில் யாரோ பேசுவார்கள். கருத்தரங்குக்கு மட்டும் பணம் இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகள் குடிபெயர்ந்து போன இடத்துக்குப் பள்ளியும் போவதை நாம் எதிர்க்கவில்லை. ஆளில்லாத தோட்டத்தில் வெறும் பலகையைக் காத்துக்கொண்டிருப்பது பெருமையல்ல. உரிமத்தை எடுத்துக்கொண்டு, தமிழர் திரளாக வாழும் வீடமைப்புப் பகுதியில் அதே பள்ளியை எழுப்புங்கள். முதல் செங்கலைத் தூக்கி வர நாம் தயார். இடமாற்றம் வேறு, மூடுவிழா வேறு. முதலாவதைச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைச் செய்வதைத்தான் கண்டிக்கிறோம்.

பழைய கதை

"சர்க்கார் கல்விக்கு அள்ளிக் கொடுக்கிறதே, நீங்கள் ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. கல்வி அமைச்சுக்கு 2024-இல் ஒதுக்கப்பட்டது 5,870 கோடி வெள்ளி. 2025-இல் 6,410 கோடி. மொத்தப் பை பெருத்துத்தான் இருக்கிறது. ஆனால் நம் பள்ளிக்குக் கூரை போடுவது அந்தப் பெரிய பையல்ல. அதன் ஓரத்தில் உள்ள சின்ன முடிச்சு. 2012-ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் பள்ளிகளைக் கட்டவும் பழுது பார்க்கவும் 100 கோடி வெள்ளி நிதி ஒன்று அறிவிக்கப்பட்டது. அதில் தமிழ்ப் பள்ளிகளுக்கு 10 கோடி. 2019-ஆம் ஆண்டுக்கான பட்ஜெட்டில் தமிழ்ப் பள்ளிகளின் பங்கு 5 கோடி. நடுவில் ஆட்சி மாறியது. கட்சி மாறியது. சிமெண்டு விலை, தகடு விலை, கூலி எல்லாம் ஏறின. முடிச்சு மட்டும் பாதியாக இளைத்தது. இதில் எந்தக் கட்சிக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை.

நம் பிள்ளைகளின் படிப்பில் மிச்சம் பிடிப்பது இன்று நேற்று வந்த வழக்கமா? இல்லை. நாம் நிற்கும் இந்த மலாக்கா மண்ணில்தான் மலாயாவின் ரப்பர் தோட்டத் தொழிலே பிறந்தது. 1896-இல் டான் சே யான் என்ற சீனப் பிரமுகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதையடுத்து நம் ஜாசின் பகுதியைச் சேர்ந்த புக்கிட் ஆசகானில் பெரிய அளவில் நட்டார். அந்த மரத்தின் பாலில்தான் துறைமுகமும் ரயிலும் சாலையும் வளர்ந்தன. பால் வெட்டியவனின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. துரைமார் சட்டத்தை மீறவில்லை; சிக்கனமாக நிறைவேற்றினார்கள்! ஒரு கொட்டகை. அதில் ஓய்ந்த நேரத்தில் கங்காணியோ கிராணியோ வந்து அரிச்சுவடி சொல்லித்தர வேண்டியது. கள்ளுக்கடைக் கொட்டகை பள்ளிக்கூடக் கொட்டகையைவிட நன்றாக இருந்தது என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனாலும் ஒன்று. அன்று பத்துப் பிள்ளை இருந்தால் பள்ளி வேண்டும் என்றது வெள்ளைக்காரன் சட்டம். இன்று 23 பிள்ளை போதாது என்கிறது நம் கணக்கு.

நாடு விடுதலை பெற்ற 1957-இல் தமிழ்ப் பள்ளிகள் 888. தோட்டங்களைக் கூறு போட்டு விற்ற காலம் அது. தோட்டம் சிதைந்தபோது பள்ளியும் சிதைந்தது. 1963-இல் 720. இன்று ஏறத்தாழ 530. நம் மலாக்கா மாநிலத்தில் 21. அவற்றில் ஜாசின், மெர்லிமாவ், செர்காம், கெமெண்டோர், ஆசகான் என்று நம் பக்கத்திலே உள்ளவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாடு முழுவதும் உள்ள தமிழ்ப் பள்ளிகளில் பாதிக்கு மேல் 150 பிள்ளைகளுக்குக் குறைந்தவை. சின்னப் பள்ளி வீண் செலவு என்ற வாதத்தை ஒத்துக்கொண்டால், அது அந்த 23 பிள்ளைகளோடு நிற்காது. அந்த வாதம் நம் பள்ளிகளில் பாதியைக் கேட்கும்.

நம் முன்னோர் கப்பலேறி வந்த ஊரிலும் இது நடந்தது. 1953-இல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சராயிருந்த ராஜாஜி, எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்குக் கொண்டுவரப் பணம் போதாது என்று, ஆரம்பப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் போட்டார். கிராமப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. தகப்பன் தொழில் என்றால் என்ன பொருள் என்று பெரியார் மேடை மேடையாகக் கேட்டார்; நாடே கேட்டது. 1954-இல் பதவிக்கு வந்த காமராசர் அந்தத் திட்டத்தைத் தூக்கியெறிந்தார். மூடிய பள்ளிகளைத் திறந்தார். திறந்ததோடு நில்லாமல் மதியச் சோறும் போட்டார். கஜானா ஒரே ஆண்டில் நிரம்பிவிட்டதா? அதே கஜானாதான். பணம் முதலில் எதற்கு என்று முடிவு செய்தவர் மாறினார், அவ்வளவுதான். அவரே வறுமையால் படிப்பைப் பாதியில் விட்டவர்.

ரப்பர் தோட்டத்தில் தகப்பன் தொழில் என்ன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

பணம் போன வழி

சரி, பள்ளியில் கை வைக்காமல் எங்கே மிச்சம் பிடிப்பது? "யோசனை சொல்லுங்கள்" என்றால் சொல்கிறோம். தூரம் போக வேண்டாம். நம் மலாக்கா பட்டணத்திலிருந்தே தொடங்குவோம்.

2010-ஆம் ஆண்டு அக்டோபரில் மலாக்கா ஆற்றோரம் மோனோரயில் ஓடத் தொடங்கியது. செலவு 1 கோடியே 59 லட்சம் வெள்ளி. திறந்த அன்றைக்கே நடுவழியில் நின்றது. பிறகு ஓடியது, நின்றது, ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்தது. அந்தத் தொகையை மலாக்காவின் 21 தமிழ்ப் பள்ளிகளுக்கும் பங்கிட்டால் பள்ளி ஒன்றுக்கு ஏழரை லட்சம் வெள்ளிக்கு மேல் வரும். குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளி அதைச் சம்பாதிக்க வேண்டுமானால் ஏறக்குறைய 780 ஆண்டு வேலை செய்ய வேண்டும். பரமேஸ்வரன் மலாக்காவை அமைப்பதற்கு முன்பே பிறந்து உளியைப் பிடித்திருக்க வேண்டும்!

2021-இல் மாநிலச் சட்டமன்றத்தில் நான்கு பேர் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். தவணை முடிய ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருக்கையிலே, தொற்றுநோய்க் காலத்தில், நவம்பர் 20-இல் தேர்தல். சரியாக ஓராண்டில், 2022 நவம்பர் 19-இல் பொதுத் தேர்தலுக்காக மறுபடியும் அதே ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இரண்டையும் ஒரே நாளில் முடித்திருந்தால் எத்தனை கூரை மாற்றியிருக்கலாம்? தேர்தல் நாளில் மட்டும் பள்ளிக்கூடம் எல்லாக் கட்சிக்கும் வேண்டியதாகிவிடுகிறது. அங்கேதானே வாக்குப் பெட்டி வைக்க வேண்டும்.

கொஞ்சம் வடக்கே, கெமாஸ் பக்கம் போவோம். அங்கே தேசிய மாட்டுப் பண்ணைக்கு 25 கோடி வெள்ளி சலுகைக் கடன். பண்ணை எண்ணியபடி நடக்கவில்லை என்று 2010-ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே சொன்னது. அதன் பிறகு, மாட்டுக்கான பணத்தில் மாடி வீடு வாங்கிய கதை ஊரெல்லாம் பேசப்பட்டது. "படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று நம் தாய்மார் பிள்ளைகளைத் திட்டுவார்கள். இனி அந்த வசையை நிறுத்திவிடலாம். நம் பிள்ளைகள் ஐந்து ஆண்டு படிப்பதற்குக் கிடைக்கும் ஒதுக்கீடு, மாடு மேய்க்கப் போனவர்க்கு ஒரே கடனில் கிடைத்தது!

கடற்படைக்கு ஆறு போர்க்கப்பல் கட்ட 900 கோடி வெள்ளிக்கு ஒப்பந்தம். 600 கோடி கொடுத்தாயிற்று. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு கணக்குப் பார்த்தபோது ஒரு கப்பல்கூட முடிந்திருக்கவில்லை. 2023-இல் ஆறு கப்பல் ஐந்தாகச் சுருங்கியது. செலவோ 1,100 கோடியைத் தாண்டியது. கப்பல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடலுக்குக் காவல் தேவைதான். ஆனால் ஆண்டுக்கு 5 கோடி வீதம் நம் பள்ளிகளுக்குக் கொடுத்தால் அந்த 600 கோடி 120 ஆண்டுக்கு வரும். பால் நிறுக்கும்போது அரை கிலோ குறைந்தால் நம்மிடம் கேள்வி வருகிறது. 600 கோடிக்குக் கப்பலைக் காணோம் என்றால் அங்கே கேள்வி வர எத்தனை ஆண்டு ஆயிற்று பாருங்கள்.

1எம்டிபி கதையை ஊரறியும். 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் சூறையாடப்பட்டது என்பது அமெரிக்க நீதித்துறையின் கணக்கு. அதில் 25 கோடி டாலர் ஓர் உல்லாசக் கப்பலாக மிதந்தது. 2019-இல் அதைப் பாதி விலைக்கு விற்றார்கள். அந்தக் கடனை அடைப்பது யார்? கஜானா. கஜானா என்றால் நாம். காலக்கிரமத்தையும் கவனியுங்கள். 2016 ஜூலையில் அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த பட்ஜெட்டில் நம் நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான ஒதுக்கீடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்படுகிறது. எண்ணெய் விலை சரிந்ததே காரணம் என்றார்கள். எண்ணெய் விலை சரிந்தது உண்மைதான். அந்த ஒரு காரணத்தை மட்டும் சொன்னதுதான் உண்மையல்ல.

இவற்றையெல்லாம்விட நம் நெஞ்சைச் சுடுவது, பள்ளியின் பெயரைச் சொல்லியே போன பணம். சரவாக்கின் உட்பகுதியில் 369 பள்ளிகளுக்குச் சூரிய ஒளி மின்சாரம் கொடுக்கும் திட்டம்; 125 கோடி வெள்ளி. ஆற்றைக் கடந்து, டீசல் இயந்திரத்தின் இரைச்சலில் படிக்கும் பிள்ளைகளுக்கான விளக்கு அது. அந்தக் குத்தகைக்காக 18 கோடியே 75 லட்சம் வெள்ளி கேட்டதாகவும் 65 லட்சம் வாங்கியதாகவும் முன்னாள் பிரதமரின் துணைவியார் ரோஸ்மா மன்சோர் குற்றவாளி என்று 2022 செப்டம்பர் 1-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். நீதிமன்றத்தின் வேலையை நாம் செய்ய வேண்டாம். ஆனால் சரவாக்கின் நீளவீட்டுப் பிள்ளையும் ஜாசின் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே கதைக்குள்தான் இருக்கிறார்கள் என்பதை மறக்கவும் வேண்டாம். இதைத் தமிழன் சண்டை என்று ஒதுக்கப் பார்க்கிறவர்களுக்கு அதுவே பதில்.

இன்னொன்று: நாட்டிலுள்ள பத்தாயிரம் பள்ளிகளுக்கும் இணையம் தருவதாக 1பெஸ்தாரிநெட் என்ற திட்டம் வந்தது. மொத்த மதிப்பு 400 கோடி வெள்ளிக்கு மேல் என்றார்கள். அதன் வழி வந்த கணினிப் பாடமுறையை நாள்தோறும் பயன்படுத்தியவர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்று 2013-ஆம் ஆண்டுக்கான கணக்காய்வு அறிக்கை எழுதியது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடி, 2019-இல்தான் முடிந்தது. திட்டம் போடுகிறவர் ஒரு நாள் வந்து அந்த ஓட்டைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தால், முதலில் வேண்டியது கணினியா தகடா என்று தெரிந்திருக்கும்.

பெரிய திருட்டைப் பேசிவிட்டுச் சின்ன வீணை விட்டுவிடக் கூடாது. பள்ளிக்கு 10,000 வெள்ளி கொடுக்க ஒரு பிரமுகர் வருகிறார். அவர் வருகைக்குப் பந்தல், பதாகை, மாலை, மேளம், விருந்து. ஆளுயர அட்டைக் காசோலை ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். அந்த அட்டைக்குப் பின்னால் முதலாம் வகுப்புப் பிள்ளையின் முகமே தெரிவதில்லை. படம் மறுநாள் பத்திரிகையில் வந்துவிடும். பணம் வரும் நாள் யாருக்கும் தெரியாது. வந்த பணத்தில் விருந்துக் கடனைக் கழித்தால் கையில் நிற்பது எவ்வளவு? இந்தச் சடங்கை ஒழித்துத் தொகையை நேரே பள்ளிக் கணக்கில் போடுவதற்குச் சட்டத் திருத்தம் ஒன்றும் தேவையில்லை. படம் எடுக்கும் ஆசையைக் கொஞ்சம் அடக்கினால் போதும்.

நம்மையும் சொல்லிக்கொள்ள வேண்டும். திருவிழாவுக்கு வாணவேடிக்கை என்றால் ஒரே மாலையில் வசூலாகிறது. பள்ளிக் கழிவறைக்கு என்றால் மூன்று மாதம் ஆகிறது. வாரியத் தலைவர் யார் என்ற சண்டையில் வந்த ஒதுக்கீட்டைத் திருப்பி அனுப்பிய ஊர்களும் உண்டு. சாமி கோபிக்காது, இதைப் படித்துவிட்டு நம் கமிட்டிக்காரர்கள் கோபிக்கலாம். கோபித்தாலும் சரி.

1967-இல் இதே ஜாசின் பகுதியின் புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள், கோரிக்கையைச் சொல்லக் கோலாலம்பூர் வரை கால்நடையாகவே போனார்கள். இன்று அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. ஒரு தபால் தலை போதும். ஆனால் என்ன எழுத வேண்டும் என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும்.

கேட்க வேண்டியவை இவை. நிலம் யாருடையது என்ற பேச்சே இல்லாமல், பிள்ளை உட்காரும் கட்டடத்தின் கூரையும் மின்கம்பியும் கழிவறையும் சர்க்காரின் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கட்டும். தமிழ்ப் பள்ளிகளுக்கு என்று அறிவிக்கும் தொகையில், எந்தப் பள்ளிக்கு எவ்வளவு, எந்தக் குத்தகைக்காரருக்கு, எந்தத் தேதியில், வேலை முடிந்ததா என்ற கணக்கைப் பள்ளி வாசலில் ஒட்டட்டும்; பால் நிறுத்த கணக்கை நாம் நாள்தோறும் பார்ப்பதுபோல் அதையும் பார்த்துக்கொள்வோம். சின்னப் பள்ளி எதையாவது வேறு பள்ளியோடு சேர்ப்பதாயிருந்தால், பெற்றோர் கூட்டம் கூட்டிக் கேட்காமலும், சர்க்கார் செலவில் பஸ் ஓடத் தொடங்காமலும், ஒரு கதவையும் பூட்டக் கூடாது. இடம் மாறும் பள்ளியின் உரிமம் காகிதத்தில் தூங்கக் கூடாது. புதிய இடத்தில் கட்டடம் எழுந்த பிறகே பழைய பள்ளியின் மணி நிற்க வேண்டும்.

பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் மக்களவைக்கு வருகிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு தோட்டத்துக் கிளையும் தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும். மழை நாளாயிருந்தால் நல்லது. கூரையில் எத்தனை தகடு ஓட்டை, எத்தனை அடி, கழிவறைக் கதவு எத்தனை, பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை மைல் தூரத்திலிருந்து வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனு எழுத வராதவர்க்கு ஆபீஸ் கிராணிமார் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பிரதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு, ஒரு பிரதி மாநிலக் கல்வி இலாகாவுக்கு, ஒன்று நமக்கு. நமக்கு வருவதை இந்தப் பக்கத்திலேயே, தோட்டத்தின் பெயரோடும் தகட்டின் எண்ணிக்கையோடும் போடுகிறோம்.